குன்றிமணிக் கிளி

மூக்குக்குள் போன புளியங்கொட்டை வெளியே வந்து அன்றைக்குச் சரியாக எட்டு நாள்.

கொழிஞ்சாம்பாறை டாக்டர் அதை இடுக்கியால் எடுத்தாரா, இல்லை மரகதம் போட்ட தும்மலில் தானாகவே பறந்து வந்து அவர் மூக்குக் கண்ணாடியில் விழுந்ததா என்பதில் இன்றுவரை வீட்டில் இரண்டு கட்சி. எப்படியோ வந்து தொலைந்தது. மூன்றரை வயது மரகதம் வீடு திரும்பியதும் நேராகப் புளிப்பானைப் பக்கம்தான் போனாள். அவள் அம்மா கமலாத்தாளுக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

அன்றைக்கே அவள் ஒரு சட்டம் போட்டாள். சமையல்கட்டிலிருந்து அரிசி அளக்கும் ஆழாக்கைக் கொண்டுவந்து கூடத்து மாடத்தில் வைத்தாள். ஆழாக்குக்குள் போகிற சாமான் எதுவும் மரகதத்தின் கைக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

கோலிக்குண்டு போகுமா? போகும். அப்படியானால் அட்டாலிப் பரணுக்கு ஏற்று. உள்ளே பட்டாணி உருளும் ஊதல்? அதுவும் அட்டாலிக்கு. போகாத சாமான்களுக்கும் விடுதலை கிடையாது. இழுத்துப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பாள். பழனியிலிருந்து வந்த தகரக் கார் விளிம்பில் தோற்றது. திருவிழாக் கடைப் பொம்மை ஒன்று கை கழன்று வந்து தோற்றது. ஜெயித்தவை ஒரு மரப்படியும், ஒரு பெரிய பந்தும், பழைய சேலையில் அவளே தைத்து நூலால் கண் வைத்த துணிப் பொம்மையும்தான்.

“எல்லைச் செக் போஸ்ட்டுக்காரங்கூடச் சில நாளைக்குக் கண்ணை மூடிக்குவான். என்ரெ ஊட்டுக்காரி மூட மாட்டா” என்று அவள் கணவன் ரத்தினசாமி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். கேலிதான். ஆனால் அவனும் தன் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்து விழுந்தபோது ஓடிப்போய்ப் பொறுக்கினான் என்பதைக் கமலாத்தாள் பார்த்துத்தான் இருந்தாள்.

அது போகட்டும். அன்றைக்கு மரகதத்துக்குக் காதுகுத்து. கமலாத்தாளின் அண்ணன் கருப்புசாமி சீர் கொண்டு வருகிறான். மூன்று வருஷம் கழித்து வருகிறான்.

மூன்று வருஷச் சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். மாரியம்மன் நோம்பி விருந்தில் வந்த ஒறம்பரை சொந்தங்களுக்கெல்லாம் சந்தனக் கிண்ணம் நீட்டிக்கொண்டே வந்த கருப்புசாமி, தங்கை புருஷனை மட்டும் தாண்டிப் போய்விட்டான். மறந்தானோ, வேண்டுமென்றே செய்தானோ, அவனுக்கே நினைவில்லை. ரத்தினசாமி இலையிலிருந்து ஈரக் கையோடு எழுந்தவன்தான். அதற்குப் பிறகு இவன் அந்த வாசலை மிதிக்கவில்லை, அவன் இந்த வாசலை மிதிக்கவில்லை.

நடுவில் அகப்பட்டவள் கமலாத்தாள். வேலந்தாவளம் வழியாகப் பஸ்ஸில் போக நேர்ந்தால் அண்ணன் வீட்டுத் தென்னை மரங்கள் தெரியும் இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறந்த வீடு என்று ஒன்று தனக்கு இருந்ததையே மறந்துவிட முயன்றாள், முடியவில்லை. “காதுகுத்துக்கு மாமன் மடி இல்லாம எப்படீங்க?” என்று கணவனிடம் கேட்டுக் கேட்டு, மூன்று மாசத்துக்கு முன்னால்தான் ஒரு ‘ம்’ வாங்கினாள். அந்த ‘ம்’மை நம்பித்தான் அண்ணனுக்குக் கடிதம் போயிற்று.

குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்வது எல்லா ஊரிலும் உள்ளதுதான். கமலாத்தாள் பிறந்த வகையறாவில் கூடுதலாக ஒன்று உண்டு. குத்தும்போது குழந்தையின் கையில், மாமன் தன் கையாலேயே செய்த பொம்மை இருக்க வேண்டும். கடையில் வாங்கினது செல்லாது. இன்னொன்றும் உண்டு. சீர்த்தட்டில் வந்ததைத் திருப்பக் கூடாது. தேங்காய் அழுகலாக இருந்தாலும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒன்றைத் திருப்பினால் உறவையே திருப்பியதாகக் கணக்கு.

ஒன்பது மணிக்குச் சவாரி வண்டி வாசலில் வந்து நின்றது.

முதலில் கருப்புசாமி இறங்கினான். பின்னாலேயே அவன் மனைவி பழனாத்தாள் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். கல்யாணமாகி ஆறு வருஷம். இன்னும் குழந்தை இல்லை. அதைப் பற்றி யாராவது கேட்டுவிடுவார்களோ என்கிற மாதிரியே எப்போதும் பேச்சைச் சுருக்கிக்கொள்கிறவள்.

“வாங்க” என்றான் ரத்தினசாமி. யாரை என்று சொல்லவில்லை.

“வந்தனுங்க” என்றான் கருப்புசாமி. யாருக்கு என்று சொல்லவில்லை.

கமலாத்தாளுக்கு இதுவே போதுமாயிருந்தது. “வாங்கண்ணா! வாங்க நங்கையா!” என்று ஓடினாள். அண்ணன் மனைவியை அப்படித்தான் அழைப்பாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒறம்பரைகள் பார்க்கிறார்களே என்று செம்பை எடுக்கும் சாக்கில் குனிந்து துடைத்துக்கொண்டாள்.

தட்டுகள் கூடத்துப் பாயில் வரிசையாக அமர்ந்தன. பழம், தேங்காய், பட்டுப் பாவாடை, தங்கத் தோடு. கடைசித் தட்டின் மேலிருந்த துண்டைக் கருப்புசாமி தானே விலக்கினான்.

கிளி!

ஒன்றரைச் சாண் உயரம். வேப்பங்கட்டையில் செதுக்கி, விளக்கெண்ணெய் தேய்த்து வழவழப்பாக்கிய உடம்பு. கூர் மழுக்கிய மூக்கு. கழுத்தைச் சுற்றி மூன்று வரிசை, நெஞ்சு முழுக்க, கண் இரண்டும், எல்லாம் குன்றிமணி. செக்கச்செவேலென்று, ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் பொட்டோடு.

“அடேங்கப்பா!” என்றார் ரத்தினசாமியின் பெரியப்பா குப்பண்ணன். விருந்து என்றால் முதல் நாளே வந்துவிடுகிற மனிதர். “கூப்புட்டாப் பேசுமாட்டம் இருக்குது!”

ரத்தினசாமி கிளியைக் கையில் எடுத்தான். திருப்பிப் பார்த்தான். நகத்தால் அங்கே இங்கே சுரண்டினான். பெரியப்பாவின் காதருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தான். பிறகு தட்டிலேயே வைத்துவிட்டு, “நல்லாத்தான் இருக்குது” என்றான். அந்தத் ‘தான்’ கமலாத்தாளுக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் அப்போது அவள் கவலை அதுவல்ல. ஆழாக்குக்குள் இந்தக் கிளியின் வால்கூடப் போகாது என்று சந்தோஷப்பட்ட மறு கணமே, அவள் கண் அதன் நெஞ்சில் போய் நின்றது. கிளி போகாது. அந்த மணிகள்?

மணி தொண்டையில் சிக்கும் என்பது மட்டுமல்ல. போன பங்குனியில் வேலியோரம் கட்டியிருந்த கிடாரிக் கன்று எதையோ மென்றுவிட்டு இரண்டாம் நாள் கீழே விழுந்தது. மிருகாஸ்பத்திரி டாக்டர் வந்து, வேலியில் படர்ந்திருந்த கொடியைக் காட்டி, “குன்னிக்குருவாணு” என்று மலையாளத்தில் குன்றிமணியின் பெயரைச் சொன்னார். முழுதாக விழுங்கினால் சில சமயம் பிழைத்துக்கொள்ளுமாம். கடித்து உடைத்துவிட்டால் அவ்வளவுதானாம். மனிதனுக்கும் அதே கதைதான் என்று கையைக் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் கன்று செத்துப்போயிற்று.

இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்? குன்றிமணி இல்லாத வீடு உண்டா? பல்லாங்குழிக்கு அதுதான் காய். களிமண் பிள்ளையாருக்கு அதுதான் கண். பிள்ளையார் கண்ணில் விஷம் என்று சொன்னால் வாயிலேயே போடுவார்கள்.

ரத்தினசாமியிடம் சொன்னால் நம்புவான். கன்று அவனுடையது; டாக்டர் சொன்னபோது சந்தையில் இருந்தவன், எந்தக் கொடி என்று அப்புறமும் கேட்டுக்கொள்ளவில்லை. நம்பிவிட்டால், ‘எம் பொண்ணுக்கு வெசம் கொண்டாந்தான் மச்சான்’ என்கிற ஒரு வாக்கியம் முப்பது வருஷத்துக்குப் போதும். சந்தனக் கிண்ணமெல்லாம் அதற்கு முன்னால் எம்மாத்திரம்?

“கிளி! எனக்கு!” மரகதம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தாள்.

கமலாத்தாள் அதைவிட வேகமாகப் பாய்ந்து தட்டோடு தூக்கினாள். “சாமி முன்னால வெச்சுட்டுத்தான் தொடோணும் கண்ணு. அதுவரைக்கும் அத்தைகிட்ட இரு.” குழந்தையைப் பழனாத்தாளிடம் கொடுத்துவிட்டு, கிளியைச் சாமி அறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். காது குத்தும் ஆசாரி பத்தரைக்கு வருவார். ஒரு மணி நேரம் இருக்கிறது.

“அண்ணா, சினைமாடு ஒண்ணு வாங்கியிருக்கறோம். சித்தெ வந்து பாருங்க.”

மாட்டுக் கொட்டகையில் மாட்டைத் தவிர வேறு ஒறம்பரை யாரும் இல்லை.

“கிளி ரொம்ப நல்லா இருக்குதுங்கண்ணா.”

கருப்புசாமியின் முகம் மலர்ந்தது. “ரெண்டு மாசம் அம்மிணி! தெனமும் தண்ணி பாச்சற நேரம் பம்ப் செட்டுல உக்காந்து செதுக்குனேன். மொதல்ல யானைதான் செஞ்சேன். பன்னியாட்டம் வந்துது, அடுப்புல போட்டுட்டேன். பெயிண்ட் அடிங்கன்னு பழனாத்தா சொன்னா. நாந்தான் வேண்டான்னுட்டேன். கொழந்தை வாயில வெச்சா வவுத்துக்கு ஆகாதல்லோ?”

கமலாத்தாள் அண்ணனைப் பார்த்தாள். குழந்தை வாயில் வைக்கும் என்று யோசித்திருக்கிறான். மூக்கின் கூரைக்கூட மழுக்கியிருக்கிறான். இவ்வளவும் யோசித்துவிட்டு, மெழுகை உருக்கிக் குன்றிமணியை ஒட்டியிருக்கிறான்.

“அந்தக் குன்றிமணி வேண்டாங்கண்ணா.”

“ஏன்? அழகா இல்லையா?”

“அழகுதான். வெசமுங்கண்ணா.”

கன்றின் கதையைச் சொன்னாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். கருப்புசாமி கேட்டுக்கொண்டே நின்றான். கேட்கக் கேட்க அவன் முகம் சுருங்கியது.

“புள்ளையாருக்கே வெக்கறோமே கமலா?”

“புள்ளையாரு தன்ர கண்ணைப் புடுங்கி வாயில போட்டுக்க மாட்டாருங்கண்ணா. இவ போடுவா. புளியங்கொட்டைய மூக்குக்குள்ள போட்டவ இவ.”

“மாப்ள சொல்லச் சொன்னாரா?” அவன் குரல் மாறிவிட்டது. “சீரைத் திருப்பறயா அம்மிணி?”

இதற்குத்தான் அவள் பயந்தாள். பயந்தது வந்துவிட்டபோது, ஆச்சரியம், பயம் போய்விட்டது.

“மூணு வருசமா உங்க மொகத்தைப் பார்க்காம இருந்தனுங்கண்ணா. நீங்க படியேறறப்ப அழுதுட்டேன். திருப்பி அனுப்பறதுக்கா கூப்புட்டேன்? கிளி வேணும். மணி வேண்டா. எம் பொண்ணு உசுருன்னு வந்தா எனக்கு அண்ணனும் வேண்டா, புருசனும் வேண்டா. ஆனா எனக்கு மூணு பேருமே வேணும். அதுக்குத்தான் சொல்றேன்.”

கருப்புசாமி மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு வெகு நேரம் நின்றான். மாடு இந்த மரியாதை எதற்கென்று தெரியாமல் திரும்பிப் பார்த்தது.

“எங்க ஊட்டுல ஒரு கொழந்தை இருந்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும்” என்றான் கடைசியில். பிறகு, “மாப்ளைக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சா உங்க ரெண்டு பேருத்துக்கும் இன்னொரு மூணு வருசம் ஆவும். வாங்க, பிச்சு எடுத்துரலாம்.”

அண்ணனும் தங்கையும் சாமி அறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். சின்ன வயசில் வெல்லம் திருடப் போன மாதிரியேதான். கருப்புசாமி பேனாக் கத்தியால் ஒவ்வொரு மணியாக நெம்ப, கமலாத்தாள் தாம்பாளத்தில் வாங்கினாள்.

“எண்ணிக்க. முருகனுக்கு வேண்டிக்கிட்டு நூத்தியெட்டு ஒட்டுனேன்.”

எண்ணினாள். நூற்றியேழு.

மறுபடியும் எண்ணினாள். நூற்றியேழுதான்.

கிளியைத் திருப்பினான் கருப்புசாமி. பிடரிப் பக்கம் ஒரு குழி, கத்தி படாமலேயே காலியாக இருந்தது. “வண்டியில வர்றப்ப இருந்துது. துண்டு போட்டு மூடறப்பத் தடவிப் பார்த்தேன் அம்மிணி. இருந்துது.”

அப்படியானால் இந்த வீட்டுக்கு வந்த பிறகு விழுந்திருக்கிறது. கூடத்துப் பாயில். மரகதம் உருண்டு புரளுகிற பாயில்.

கமலாத்தாள் எழுந்து தாழ்ப்பாளைத் திறந்தாள். சமையல்கட்டுக்குப் பறந்தாள். பழனாத்தாளின் மடியில் உட்கார்ந்து மரகதம் வாயை அசை போட்டுக்கொண்டிருந்தாள்.

“வாயில என்ன? வாயில என்ன கண்ணு?” விரலைவிட்டுத் துழாவினாள். வாழைப்பழம். மூக்கைப் பார்த்தாள். காலி. “செகப்பு மணி எடுத்தயா?”

“ம்.”

“வாயில போட்டயா?”

“ம்.”

பழனாத்தாள் பதறிப்போய், “கடிச்சயா சாமி?” என்றாள்.

“ம்.”

கருப்புசாமி கதவைப் பிடித்துக்கொண்டான். கமலாத்தாளுக்குக் கடைசியாக ஒரு சந்தேகம் வந்தது. “யானையத் தின்னயா?”

“ம்” என்றாள் மரகதம், வாழைப்பழத்தை விழுங்கிக்கொண்டே.

யானையைத் தின்ற சாட்சியை எந்தக் கோர்ட்டு ஏற்கும்? ஆனால் தின்னவில்லை என்பதற்கும் சாட்சி இல்லையே. பாயை உதறினார்கள். தட்டுகளைத் தூக்கினார்கள். ஜமுக்காளத்தடியில் பார்த்தார்கள். மணி இல்லை.

“போதும்” என்றான் கருப்புசாமி.

“எங்கண்ணா போறீங்க? அவருக்குத் தெரிஞ்சா…”

“தெரியட்டும்.”

வாசல் பந்தலில் இருபது முப்பது ஒறம்பரைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஆசாரி அப்போதுதான் வந்து ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் நடுவிலும் கருப்புசாமி போய் நின்றான்.

“மாப்ள!”

மூன்று வருஷத்தில் அவன் வாயிலிருந்து ரத்தினசாமியைப் பார்த்து வந்த முதல் அழைப்பு அது. பந்தலே திரும்பிப் பார்த்தது.

“என்ரெ தப்பு மாப்ள. தெரியாம வெசத்தை ஒட்டிக் கொண்டாந்துட்டேன். குன்றிமணி கடிச்சா ஆளைக் கொல்லுமாம். நூத்தியெட்டுல ஒண்ணைக் காணம். கொழந்தை வாயில போட்டாளோ என்னமோ தெரியலை. பொறகு என்னைய என்ன வேண்ணாச் செய்யுங்க. இப்ப வண்டி பூட்டறேன், வாங்க, டாக்டர்கிட்ட போலாம்.”

கமலாத்தாள் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு படியில் நின்றாள். இப்போது ரத்தினசாமி கத்துவான். கத்தட்டும். காலில் செருப்பை மாட்டிக்கொண்டு கத்தட்டும், அவ்வளவுதான் வேண்டும் அவளுக்கு.

ரத்தினசாமி கத்தவில்லை. அவன் முகம் வெளுத்து, பிறகு சிவந்து, பிறகு என்ன நிறம் என்றே சொல்ல முடியாதபடி ஆயிற்று. கை மெதுவாகச் சட்டைப் பைக்குப் போனது. இரண்டு விரலால் எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

குன்றிமணி.

“எங்கிருந்துங்க?” என்றாள் கமலாத்தாள்.

“நாந்தான்…” ரத்தினசாமி தரையைப் பார்த்தான். “ஒட்டு நிக்குதான்னு நகத்துல நெம்பிப் பார்த்தேன். வந்துருச்சு. பெரியப்பனுக்குக் காட்டலாம்னு பையில போட்டேன்.”

“ஆமாமா” என்றார் குப்பண்ணன், யாரும் கேட்காமலேயே. “வெறும் மெழுகுல ஒட்டியிருக்கறாரு, நாலு நாளைக்குத் தாங்காதுன்னு சொன்னான்.”

பந்தலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கருப்புசாமி அந்த மணியையே பார்த்துக்கொண்டு நின்றான். உயிர் திரும்பி வந்த முகத்தில் கோபமும் கூடவே வந்தது. “அப்ப நான் கொண்டாந்ததுல குத்தம் கண்டுபுடிக்கறதுக்கு…”

“நீங்க மட்டும் அன்னிக்கு நோம்பியில…”

“நிறுத்துங்க!”

இருபது முப்பது பேரும் திடுக்கிட்டார்கள். கமலாத்தாள் இவ்வளவு சத்தமாகப் பேசி அந்த ஊர் கேட்டதில்லை. கமலாத்தாளே கேட்டதில்லை.

“ரெண்டு பேருத்துக்கும் வெளையாட வேற பொம்மை கெடைக்கலையா? எம் பொண்ணு காதுகுத்துத்தான் கெடைச்சுதா? நீங்க புடுங்கிப் பையில போடுவீங்க, அவரு வெசத்தைக் கோத்துக் கொண்டாருவாரு, நான் நடுவால ஓடி ஓடிச் சாவோணும். மூணு வயசுக் கொழந்தையக்கூடப் பார்த்துக்கறேனுங்க நான். உங்க ரெண்டு பேரையும் என்னால பார்த்துக்க முடியாது!”

சொல்லிவிட்டு அழுதாள். அம்மா அழுவதைப் பார்த்து மரகதமும் ஒத்தாசைக்கு அழுதாள்.

அப்புறம் குப்பண்ணன் பெரியப்பா தொண்டையைச் செருமினார். “பந்தி எத்தனை மணிக்குங்க?”

சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்பில் முதலில் கலந்தவன் ரத்தினசாமி. அடக்கப் பார்த்து முடியாமல் தோற்றவன் கருப்புசாமி.

“மச்சான்” என்றான் ரத்தினசாமி. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கமலாத்தாள் மூன்று வருஷம் தவம் கிடந்தாள். அது இவ்வளவு சாதாரணமாக வரும் என்று அவள் நினைக்கவேயில்லை. “கிளி குருடாப் போச்சே. கம்பி ஒண்ணு காயப் போடட்டுமா?”

இரண்டு பேரும் சமையல்கட்டுக்குள் போனார்கள். ரத்தினசாமி இரும்புக் கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சிக் கொடுக்க, கருப்புசாமி கிளியைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு சுட்டான். மிச்ச மெழுகெல்லாம் உருகி ஒழிந்தது. இருந்த குழிகளெல்லாம் கறுத்து, கண்ணும் கழுத்துப் பட்டையும் நெஞ்சுமாக மரத்தோடு மரமாகிவிட்டன. இனி அதை நெம்ப எந்த நகத்தாலும் முடியாது. “கொஞ்சம் சாச்சுப் புடிங்க மச்சான்” “நீங்க மொதல்ல கம்பிய நேராக் குடுங்க மாப்ள” என்று உள்ளே நடந்த சண்டையைக் கமலாத்தாள் காது குளிரக் கேட்டாள்.

ஆறின கிளியை அவள் வாங்கினாள். இழுத்துப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், விரலை ஓட்டிப் பார்த்தாள். இரண்டு ஆண்களும் பரீட்சை எழுதிய பையன்கள் மாதிரி நின்றார்கள்.

“செரி. குடுங்க அவகிட்ட.”

மரகதத்துக்குத் திருப்தி இல்லை. “செகப்பு எங்கே?”

“கிளி தண்ணி வாத்துக்கிச்சு கண்ணு. செகப்பெல்லாம் போயிருச்சு” என்றான் ரத்தினசாமி.

“சோப்புப் போட்டா?”

“ஆமா, சோப்புப் போட்டுத்தான்.”

சோப்புக்கு அவளும் பயப்படுகிறவள்தான். கிளியின் தலையைத் தடவிக் கொடுத்தாள். மாமன் மடியில் ஏறி உட்கார்ந்தாள். முதல் காதில் ஊசி இறங்கியதும் போட்ட கூச்சலில் தென்னையிலிருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன. இரண்டாவது காதுக்குள் விஷயம் புரிந்துவிட்டது. கிளியின் மூக்கைப் பல்லால் கவ்விக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். குழந்தையைவிட அதிகமாக அழுதவன் கருப்புசாமி என்று பிறகு பேசிக்கொண்டார்கள். வேப்பமரத்துக் கசப்பு அவள் வாயில் தெரிந்ததோ என்னவோ, மூக்கை விடவேயில்லை.

பந்தி முடிந்து, ஒறம்பரைகள் வெற்றிலையும் பேச்சுமாகச் சாய்ந்திருந்த நேரம். கமலாத்தாள் நூற்றியெட்டு மணிகளையும் ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி வெந்நீரடுப்பில் போட்டாள். அவை படபடவென்று வெடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் பழனாத்தாள் வந்து நின்றாள்.

“அடுப்புல போட்டாப் போதுமா கமலா?”

“போதுங்க நங்கையா. இனி ஒண்ணும் பண்ணாது.”

பழனாத்தாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். “ஊட்டுல இன்னொரு கிளி இருக்குது. அதுலயும் மணி ஒட்டியிருக்கறேன். போனதும் பிச்சுப் போடோணும்.”

“அண்ணன் ரெண்டு செஞ்சாங்களா?”

“அவருக்குத் தெரியாது. மிச்சக் கட்டையில நானே செதுக்குனது. மூக்குச் சித்தெக் கோணை. ராகிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கறேன்.”

“யாருக்குங்க நங்கையா?”

கேட்ட பிறகுதான் கமலாத்தாளுக்குப் புரிந்தது. காலையில் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு மெதுவாக இறங்கியது ஏன் என்பதும் புரிந்தது. அவள் அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணங்கிட்ட இன்னும் சொல்லலையா?”

“முன்னால ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் மூணாம் மாசத்துலயே போயிருச்சு. அவரு பம்ப் செட்டுலயே போய்ப் படுத்துக்கிட்டாரு, சோறுகூட உங்கலை. இந்தத் தடவை நாலாம் மாசம் பொறக்கட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு இருக்கறேன். இன்னும் பத்து நாள்தான். நீயும் சொல்லிப் போடாதே.”

“சொல்லலீங்க. சத்தியமாச் சொல்லலை.”

அதே நேரம் வாசலில் காளைகளின் சலங்கை குலுங்கியது. “பழனாத்தா! வா, பொழுதோட போய்ச் சேரலாம்!” என்று கருப்புசாமியின் குரல் கேட்டது.

வேலந்தாவளம் வரைக்கும் சவாரி வண்டி. பாதித் தூரம் கல்லும் குழியும். மூன்று மாத வயிற்றோடு பழனாத்தாள் காலையில் வந்ததும் அதே பாதைதான். என்ன செய்கிறோம் என்று யோசிக்குமுன் கமலாத்தாள் வாசலுக்கு வந்து, நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நங்கையா வரலீங்கண்ணா. பத்து நாளைக்கு இங்கதான் இருப்பாங்க.”

“பத்து நாளா? ஏன்?” என்றான் கருப்புசாமி.

“அதானே, ஏன்?” என்றான் ரத்தினசாமி. மூன்று வருஷத்தில் இன்றைக்குத்தான் இரண்டு பேரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். அதுவும் அவளுக்கு எதிரே.

படியில் பழனாத்தாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பந்தலில் குப்பண்ணன் பெரியப்பாகூட வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். கமலாத்தாள் காரணத்தைத் தேடினாள். காலையிலிருந்து அத்தனை பொய் சொன்ன வாயில் ஒன்றுகூட மிச்சமில்லை.

“மரகதம் உட மாட்டேங்கறா” என்றாள். “அத்தை போகக் கூடாதுன்னு ஒரே அழுகை.”

இரண்டு ஆண்களும் மரகதத்தைப் பார்த்தார்கள். அவள் ரத்தினசாமியின் தோளில், வாயைத் திறந்துகொண்டு, எப்போதோ தூங்கிப்போயிருந்தாள்.